கிரானோலா, கடலைமிட்டாய், கொஞ்சம் வரலாறு

முதல்ல ஒரு பாவமன்னிப்பு. போன டிசம்பர்ல ஊருக்குப் போனப்போ பெட்டியில கிலோ கிலோவா நாலு பாக்கெட் கிரானோலா கொண்டு போனேன். வறுத்த ஓட்ஸ், பாதாம், உலர்ந்த திராட்சை, தேன் எல்லாம் சேர்ந்து கட்டி கட்டியா இருக்குமே, அதுதான். பாக்கெட் முழுக்கப் பச்சை நிறம், ஒரு தேன்கூடு படம், "முழுக்க முழுக்க இயற்கை" என்று பெரிய எழுத்து. எங்க அப்பாவுக்கு ஆறு வருஷமா சுகர். "காலைல கம்பங்கூழ் எல்லாம் விட்டுடுங்கப்பா, இதைச் சாப்பிடுங்க. இங்க எல்லாரும் இதைத்தான் சாப்பிடுறாங்க, அவ்வளவு சத்து" என்று நான்தான் சொல்லிக் கொடுத்துட்டு வந்தேன்.

அமெரிக்காவுல படிக்கிற பையன் சொல்லிட்டானே! அப்பா மருந்து மாதிரி சாப்பிட்டிருக்கார். காலையில பால் ஊத்தி ஒரு கிண்ணம், சாயங்காலம் டீக்கு ஒரு கை. மார்ச்ல ரத்தம் பரிசோதிச்சா, மூணு மாச சராசரி ஏழரையிலிருந்து ஒன்பதுக்குப் போயிருக்கு. டாக்டர் புதுசா என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டதுக்கு, அப்பா பெருமையா மறுநாள் அந்தப் பாக்கெட்டையே எடுத்துட்டுப் போய்க் காட்டியிருக்கார். டாக்டர் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்திருக்கார். 2/3 கப்புக்கு 12 கிராம் சேர்த்த சர்க்கரை. அதாவது மூணு ஸ்பூன். அப்பாவோட கிண்ணம் அதைவிட ரெண்டு மடங்கு பெருசு.

அம்மா போன்ல திட்டக்கூட இல்லை. "நீ கொண்டாந்தது மருந்துன்னுல்ல தம்பி நெனச்சோம்" அப்படின்னாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை.

இத்தனைக்கும் நான் ஒரு நொறுக்குத்தீனிப் பைத்தியம். மிச்சிகன் மாநிலத்துல கலமசூ நகரத்துல படிக்கிறேன். இங்க வந்த நாள்லேர்ந்து வாரா வாரம் கடைக்குப் போய், புதுசா என்ன வந்திருக்குன்னு பார்த்து, ஒண்ணு வாங்கித் தின்னு மார்க் போடறது என் பொழுதுபோக்கு. அத்தனை பாக்கெட் பிரிச்சவன், ஒண்ணைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. சரி, இந்த "இயற்கை" எங்கிருந்து வந்ததுன்னு தேடுவோம்னு இந்தக் கோடை விடுமுறை முழுக்க நூலகத்துல உட்கார்ந்தேன். தேடினதுல தெரிஞ்சது, அது பிறந்த ஊர் எனக்குப் பக்கத்துலேயே, காரில் அரை மணி நேரத்துல இருக்கு! அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், ஒரு காபியோட உட்காருங்க.

*

பிரசங்கியார் சுட்ட ரொட்டி

கதை ஒரு பாதிரியாரிடம் ஆரம்பிக்குது. சில்வெஸ்டர் கிரஹாம், 1794ல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். 1830ல் ஃபிலடெல்ஃபியாவில் மதுவிலக்குப் பிரசாரகராகச் சேர்ந்தார். குடியை ஒழிக்கப் பேச ஆரம்பிச்சவர், கொஞ்ச நாளில் சாப்பாட்டுக்கு வந்துட்டார். அவருடைய கொள்கை எளிமையானது: இறைச்சி, மிளகு, கடுகு, மசாலா, காபி, டீ, சாராயம் இதெல்லாம் நரம்பைக் கிளறும், நரம்பு கிளறினால் காமம் தலைதூக்கும், காமம் தலைதூக்கினால் நோய் வரும். நம்ம வீட்டு ரசத்தை அவர்கிட்ட கொடுத்திருந்தா மனுஷன் மயங்கி விழுந்திருப்பார் :-)

இதுக்கு அவர் சொன்ன மருந்து ரொட்டி. தவிடு நீக்காமல் கொரகொரப்பாக அரைத்த கோதுமையில், வீட்டிலேயே சுட்ட ரொட்டி. அந்தக் காலத்தில் நகரங்களில் பேக்கரி ரொட்டி பரவிக்கிட்டிருந்தது. மாவை வெள்ளையாகச் சலித்து, எடை கூட என்னென்னவோ கலந்து விற்கிறாங்கன்னு அவர் மேடைக்கு மேடை பேசினார். 1837ல் ரொட்டியைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே போட்டார். அதே வருஷம் பாஸ்டனில் அவர் பேச வந்தப்போ, கறிக்கடைக்காரர்களும் ரொட்டிக்கடைக்காரர்களும் கூட்டமா அடிக்க வந்துட்டாங்க. அவருடைய சீடர்கள் மாடி ஜன்னலிலிருந்து சுண்ணாம்பைக் கொட்டி விரட்டினாங்கன்னு சொல்றாங்க. ரொட்டிக்காக ஒரு ஊர்ச் சண்டை!

அவர் சொன்னதில் பாதி சரி. தவிட்டில் சத்து இருக்குங்கறதை அறிவியல் பின்னால் உறுதிப்படுத்திடுச்சு. மீதிப் பாதி பயம். ருசி என்றாலே பாவம் என்கிற பயம். இத்தனை பத்தியம் இருந்தும் மனுஷர் 1851ல், 57 வயசுல போய்ச் சேர்ந்துட்டார்.

அவர் பேரில் இன்னைக்கும் அமெரிக்காவின் எல்லாக் கடையிலும் "கிரஹாம் கிராக்கர்" என்று பிஸ்கட் இருக்கு. 1898லேயே நேஷனல் பிஸ்கட் கம்பெனி அதைச் செய்ய ஆரம்பிச்சிடுச்சு. நான் வாங்கின டப்பாவில் பொருள் பட்டியலின் முதல் பெயர், சலித்த வெள்ளை மாவு. அதாவது கிரஹாம் எதை எதிர்த்து அடி வாங்கப் பார்த்தாரோ அதே மாவு. அப்புறம்தான் தவிட்டோடு அரைச்ச மாவு, அப்புறம் சர்க்கரை. குழந்தைகள் நெருப்பில் சுட்ட மார்ஷ்மெல்லோவையும் சாக்லேட்டையும் நடுவில் வைத்துத் தின்கிறார்கள்.

ருசி: டீயில் தொட்டால் 7/10. கிரஹாமுக்கு டீயும் ஆகாது, தொடறதும் ஆகாது!

*

ராத்திரி ஊறவைத்த கல்

கிரஹாம் போனாலும் சீடர்கள் போகலை. அதில் ஒருத்தர் ஜேம்ஸ் காலெப் ஜாக்சன் என்கிற டாக்டர். நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில் என்ற ஊரில் தண்ணீர் வைத்தியசாலை நடத்தியவர். 1863ல் கிரஹாம் மாவைப் பிசைந்து தகடாகச் சுட்டு, உடைத்து, மறுபடி சுட்டு, மறுபடி உடைத்து ஒரு பண்டம் செய்தார். பேரு "கிரானுலா". கல்லு மாதிரி இருக்குமாம். ராத்திரியே பாலில் ஊறவைத்தால்தான் காலையில் பல்லுக்குப் படியும். அடுப்பு பற்றவைக்க வேண்டாத முதல் காலைச் சாப்பாட்டுச் சீரியல் என்று இதைத்தான் சொல்கிறார்கள். (ராத்திரி ஊறவைத்துக் காலையில் சாப்பிடற பழைய சோத்துக்கு யாரும் கண்டுபிடிப்பாளர் பட்டம் கொடுக்கலையே!)

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் எல்லன் வைட் 1864ல் இந்த டான்ஸ்வில் வைத்தியசாலையைப் போய்ப் பார்த்தார். ரெண்டு வருஷத்தில், 1866ல், அந்தச் சபை மிச்சிகனில் அதே மாதிரி ஒரு வைத்தியசாலை திறந்தது. ஊர், பேட்டில் க்ரீக். என் அரை மணி நேரப் பயண ஊர்.

*

பேட்டில் க்ரீக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அறைத்தோழன் காரை எடுத்தான், போனோம். ஊர் அமைதியா, கொஞ்சம் வயசானது மாதிரி இருக்கு. நடுவில் கோட்டை மாதிரி ஒரு கட்டடம், மேல 15 மாடிக் கோபுரம். இதுதான் பழைய பேட்டில் க்ரீக் சானிட்டேரியம். 1902ல் எரிந்து போய் 1903ல் மறுபடி கட்டினது. கோபுரம் 1928ல் சேர்த்தது. 1942ல் ராணுவம் வாங்கி மருத்துவமனை ஆக்கியது. 1954லிருந்து மத்திய அரசு அலுவலகங்கள்.

இங்கே 1876ல் பொறுப்பேற்ற இளம் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக். ஆமாம், அந்தக் கெல்லாக்தான். இறைச்சி கிடையாது, காபி கிடையாது, மசாலா கிடையாது. தயிர், கொட்டை வகைகள், தானியம், உடற்பயிற்சி, எனிமா. பணக்காரர்கள் வரிசை கட்டி வந்தார்கள். அவரும் ஜாக்சன் மாதிரியே ஒரு தானியப் பொரி செய்து அதுக்கும் "கிரானுலா" என்றே பேர் வைத்தார். ஜாக்சன் தரப்பு சண்டைக்கு வரவே, ஓர் எழுத்தை மாற்றி "கிரானோலா" ஆக்கிட்டார். எங்க அப்பா கிண்ணத்துக்கு வந்த பேரு, வழக்குக்குப் பயந்து மாற்றின ஓர் எழுத்து!

1894ல் வேகவைத்த கோதுமை ஒன்று காய்ந்து கிடக்க, அதை உருளையில் விட்டப்போ மெல்லிய இதழ்களாக வந்தது. டாக்டரும் தம்பி வில் கீத் கெல்லாக்கும் சேர்ந்து செய்த வேலை. 1896ல் காப்புரிமை கிடைத்தது. அப்புறம் அதையே சோளத்தில் செய்தார்கள். நம்ம ஊரில் அவலிடிக்கறவங்க காலங்காலமா உலக்கையில் செய்ததை இவங்க உருளையில் செய்தாங்கன்னு வெச்சுக்கலாம். (செய்முறை வேற, தானியம் வேற. ஆனா அவலைப் பார்த்தவனுக்கு கார்ன் ஃபிளேக்ஸ் பெரிய ஆச்சரியம் கிடையாது.)

1891ல் இங்கே நோயாளியாக வந்தவர் சி. டபிள்யூ. போஸ்ட். நோய் குணமாச்சோ இல்லையோ, வியாபாரம் புரிஞ்சிடுச்சு. அதே ஊரில் 1895ல் காபிக்குப் பதிலாக "போஸ்டம்" என்ற தானியப் பானம், 1897ல் "கிரேப் நட்ஸ்". இந்தக் கிரேப் நட்ஸில் திராட்சையும் கிடையாது, கொட்டையும் கிடையாது, கோதுமையும் பார்லியும்தான். விளம்பரத்தில் மூளைக்கு நல்லது, குடல்வால் நோய்க்கு நல்லது என்ற அளவுக்கு அடித்து விட்டார். மருந்து என்று சொல்லித் தானியத்தை விற்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியதில் இந்த மனுஷருக்குப் பெரிய பங்கு உண்டு.

தம்பி வில் கீத் இதையெல்லாம் பார்த்துக்கிட்டே இருந்தார். அண்ணனிடம் பல வருஷம் கணக்கப்பிள்ளை வேலை, சொற்பச் சம்பளம். கார்ன் ஃபிளேக்ஸில் கொஞ்சம் சர்க்கரை போட்டா நல்லா விற்கும் என்பது அவர் கட்சி. அண்ணனுக்குச் சர்க்கரை ஆகாது. 1906ல் தம்பி தனியாகக் கம்பெனி ஆரம்பித்துச் சர்க்கரையும் போட்டார். அப்புறம் பேருக்காக அண்ணன் தம்பி கோர்ட்டில் பல வருஷம் சண்டை. 1920ல் தம்பி ஜெயிச்சார். சர்க்கரையும் கூடவே ஜெயிச்சது. ரெண்டு பேரும் ஆளுக்கு 91 வயசு வாழ்ந்தார்கள் என்பது கொசுறு. தம்பியின் கம்பெனி 2023ல் இரண்டாகப் பிரிந்தது. சீரியல் விற்கும் பாதியை 2025ல் ஃபெரேரோ வாங்கிடுச்சு. நியூடெல்லா சாக்லேட் பசை செய்கிற அதே இத்தாலியக் கம்பெனி. அண்ணன்காரர் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ!

ருசி: கிரேப் நட்ஸ் 6/10. காய்ச்சின பாலில் ஊறவிட்டா உடைச்ச கோதுமைக் கஞ்சி வாசனை. சும்மா மென்னால் தாடை வலிக்கும்.

ஊரை விட்டுக் கிளம்பும்முன் ஓக் ஹில் இடுகாட்டுக்குப் போனோம். ரெண்டு கெல்லாக்குகளும் இங்கேதான். போஸ்ட்டுக்குப் பெரிய கல் மண்டபம். அவங்களோட அதே மண்ணில் ஸோஜர்னர் ட்ரூத்தும் இருக்கார். அடிமையாகப் பிறந்து, விடுதலையாகி, ஊர் ஊராக அடிமைமுறைக்கு எதிராகவும் பெண்கள் உரிமைக்காகவும் பேசின பெண்மணி. 1883ல் இந்த ஊரில் காலமானார்.

அங்கே நின்னப்போ மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. காரணம், முந்தின வாரம்தான் படிச்சிருந்தேன்: இதே டாக்டர் கெல்லாக், 1914 ஜனவரியில் இதே சானிட்டேரியத்தில் "இன மேம்பாட்டு மாநாடு" என்று ஒன்று நடத்தினார். "தகுதியில்லாதவர்கள்" பிள்ளை பெறக் கூடாது, வெள்ளை இனம் கலப்பில்லாமல் இருக்கணும் என்கிற கூட்டம். வீட்டில் கறுப்பினக் குழந்தைகளையும் சேர்த்து நாற்பது பிள்ளைகளை வளர்த்த மனுஷர் இதையும் செய்தார். குடலைச் சுத்தம் பண்ணு, சாப்பாட்டைச் சுத்தம் பண்ணு, அப்புறம் இனத்தைச் சுத்தம் பண்ணு. "சுத்தம்" என்ற சொல் எங்கே ஆரம்பிச்சு எங்கே போகுதுன்னு பாருங்க. நம்ம ஊர்ல யார் வீட்டுத் தண்ணியை யார் குடிக்கலாம்னு பார்த்து வளர்ந்தவனுக்கு இது புரியாத பாஷை இல்லை.

*

குன்னூர் எலிகள்

இதோட நிறுத்தியிருந்தா, "எல்லாம் அமெரிக்காக்காரன் வேலை"ன்னு முடிச்சிருப்பேன். ஆனா நூலகத்தில் இன்னொரு வழி திறந்தது. இந்த "ஆர்கானிக்" என்கிற சொல் எங்கிருந்து வந்தது என்று போனால், பாதை நேரா நம்ம ஊர்ப்பக்கம் வருது.

ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1905ல் பீகாரின் பூசாவுக்கு வந்தார். இந்திய விவசாயிக்கு விவசாயம் சொல்லிக் கொடுக்க வந்தவர், விவசாயிகளையும் வயலில் வரும் பூச்சிகளையுமே தன் ஆசிரியர்களாக எடுத்துக்கிட்டார். அவருடைய மனைவி கேப்ரியேலும் தாவரவியலாளர், கூடவே வேலை செய்தவர். 1924லிருந்து இந்தூரில் இலை தழை, சாணம், மண் எல்லாம் அடுக்கி மக்க வைக்கிற முறையை ஒழுங்குபடுத்தி "இந்தூர் முறை" என்று எழுதினார். 1940ல் அவர் புத்தகம் வந்தது. அதைப் படித்து மயங்கினவர் பென்சில்வேனியாவின் ஜே. ஐ. ரோடேல். 1942ல் இயற்கை விவசாயத்துக்கென்றே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அமெரிக்காவில் "ஆர்கானிக்" என்ற சொல் வீட்டுக்கு வீடு பரவியது அதன் வழியாகத்தான்.

இன்னொருத்தர் ராபர்ட் மெக்காரிசன். இவர் இருந்தது நீலகிரியில், குன்னூரில்! பாஸ்டர் நிறுவனத்தில் சத்துக்குறைவு நோய்களை ஆராய்ந்தவர். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடற சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பஞ்சாப் சீக்கியர் சாப்பாடு, அதாவது முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போவாவது கறி சாப்பிட்ட எலிகள் கொழுகொழுன்னு வளர்ந்தன. நம்ம மதராஸ் அரிசிச் சாப்பாடு கடைசி வரிசையில் நின்னுடுச்சு.

படிக்கறப்போ சுருக்னு குத்தினது. ஆனா விஷயம் என்னன்னா, மில்லில் தீட்டின வெள்ளை அரிசி தவிட்டோடு பி1 வைட்டமினையும் இழந்துடும். அதனால் பெரிபெரி வரும். புழுங்கல் அரிசிக்கு இந்தச் சிக்கல் குறைவு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து உள்ளே அரிசிக்குள் இறங்கிடுது. வீட்டு வாசலில் நெல் அவித்த நம்ம ஆச்சிகளுக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. வேலை தெரிஞ்சிருந்தது.

குன்னூரின் அந்த ஆய்வுக்கூடம் 1958ல் ஹைதராபாத் போய், இன்னைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கு. மெக்காரிசன் எழுதினதை இங்கிலாந்தின் இயற்கை விவசாயக்காரர்கள் வேதமாக எடுத்துக்கிட்டார்கள். அவர் முன்னே வேலை பார்த்த ஹுன்சா பள்ளத்தாக்கைப் பற்றி ரோடேல் 1948ல் ஒரு புத்தகமே எழுதினார். ஆக, இங்கே கடையில் நான் தொட்ட "ஆர்கானிக்" பாக்கெட்டுக்குப் பின்னால் பூசா விவசாயியும் குன்னூர் எலியும் இருக்காங்க.

இந்த வழிக்கும் கிரஹாம் வழிக்கும் ஒரு வித்தியாசம் எனக்குத் தெரியுது. கிரஹாமும் கெல்லாக்கும் பயத்திலிருந்து ஆரம்பிச்சாங்க: உடம்பை அடக்கு. ஹோவர்ட் மண்ணிலிருந்து ஆரம்பிச்சார்: மண்ணுக்குத் திருப்பிக் கொடு. கடைக்கு வரும்போது ரெண்டும் ஒரே பச்சைப் பாக்கெட்டுக்குள்ள போயிடுது. அங்கதான் நம்ம மாதிரி ஆள் ஏமாறுறான்.

*

தாடி வளர்த்தவர்களும் கோட்டு போட்டவர்களும்

1960கள் கடைசியில், வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்கள் பெரிய கம்பெனிச் சாப்பாட்டையும் எதிர்த்தார்கள். தாங்களே சேர்ந்து கூட்டுறவுக் கடைகள் வைத்தார்கள். நியூயார்க் புரூக்ளினில் 1973ல் ஆரம்பித்த பார்க் ஸ்லோப் கூட்டுறவுக் கடை இன்னைக்கும் ஓடுது. உறுப்பினர்களே முறை வைத்து வேலை செய்யணும். மறந்து போயிருந்த கிரானோலாவைத் தூசி தட்டி, ஓட்ஸ், தேன், எண்ணெய் சேர்த்து மறுபடி கொண்டு வந்தது இந்தத் தலைமுறைதான்.

கம்பெனிகளுக்கு மோப்பம் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? 1972ல் குவேக்கர் "100% இயற்கை" என்ற பேரிலேயே சீரியல் கொண்டு வந்தது. 1975ல் ஜெனரல் மில்ஸின் நேச்சர் வேலி கிரானோலாவைக் கட்டியாக்கிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தது. 1980ல் டெக்சாஸின் ஆஸ்டினில் ஒரு கடையாகத் திறந்த ஹோல் ஃபுட்ஸை, 2017ல் அமேசான் 1370 கோடி டாலருக்கு வாங்கியது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். "ஆர்கானிக்" என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் சட்டம் இருக்கு. 1990ல் சட்டம், 2002 அக்டோபரிலிருந்து விதிமுறைகளும் அரசு முத்திரையும். ஆய்வாளர் வந்து பண்ணையைப் பார்க்கணும். ஆனா "இயற்கை" என்ற சொல்லுக்கு? உணவு, மருந்து நிர்வாகம் 2015ல் "இதுக்கு என்ன அர்த்தம் வைக்கலாம்?" என்று பொதுமக்கள்கிட்டயே கருத்துக் கேட்டது. முறையான வரையறை இதுவரை வரலை. செயற்கையா எதுவும் சேர்க்கலைன்னா போதும் என்கிற அளவில் ஒரு பழைய கொள்கை மட்டும் இருக்கு. கரும்புச் சர்க்கரை இயற்கை. தேன் இயற்கை. அதை அளவில்லாமக் கொட்டினாலும் இயற்கை. அப்பாவோட பாக்கெட்டில் எழுதியிருந்தது பொய்யே இல்லைங்க. அதுதான் கொடுமை.

உபயோகமான ஒரு மாற்றம் பாக்கெட்டின் பின்பக்கம் நடந்தது. மொத்தச் சர்க்கரையில் "சேர்த்த சர்க்கரை" எவ்வளவு என்று தனி வரியாகப் போடணும் என்று 2016ல் விதி வந்து, 2020லிருந்து பெரிய கம்பெனிகளுக்குக் கட்டாயமாச்சு. ஊர்ல டாக்டர் பார்த்தது அந்த வரியைத்தான். நாலு கிராம் ஒரு ஸ்பூன் என்று கணக்கு வெச்சுக்கோங்க. முதல்ல "ஒரு தடவைக்கு" எவ்வளவு என்று அவங்க போட்டிருக்கிற அளவைப் பாருங்க, அப்புறம் உங்க கிண்ணத்தைப் பாருங்க.

*

பேரிலேயே மிட்டாய்

எங்க ஊர் கோவில்பட்டிப் பக்கம். கரிசல் காட்டுக் கடலையை வறுத்து, வெல்லப்பாகில் போட்டு, தட்டி, வெட்டின கடலைமிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைச்சது. யோசிச்சுப் பாருங்க, கிரானோலா பாரும் இதுவும் ஒரே தொழில்தான். வறுத்த பருப்பு, இனிப்புப் பாகு, கட்டியாக்கி வெட்டு. ருசியில் கடலைமிட்டாய்க்கு 10/10 (இதுல நான் நடுநிலை இல்லை, ஒத்துக்கறேன்). ஆனா ஒரே ஒரு வித்தியாசம். கடலைமிட்டாய் பேரிலேயே "மிட்டாய்" இருக்கு. எங்க வீட்ல யாரும் அதைச் சுகர்காரருக்கு மருந்துன்னு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்ததில்லை. அப்பாவே ஒரு துண்டு திருட்டுத்தனமா எடுத்தா அம்மா கையைத் தட்டிவிடுவாங்க. அதே அம்மா என் பாக்கெட்டைத் தட்டிவிடலை. முன்பக்கம் இருந்த சொல்லை நம்பினாங்க. அதைவிட, கொண்டு வந்த என்னை நம்பினாங்க.

கம்பங்கூழை மட்டும் தெய்வமாக்க நான் வரலை. டாக்டர் அப்பாகிட்ட தெளிவாச் சொல்லியிருக்கார்: கம்பும் மாவுச்சத்துதான், சொம்பு சொம்பா குடிச்சா அதுவும் ஏத்தும், ஒரு டம்ளர், கூட நிறையக் காய், சாயங்காலம் நடை. (அந்த நடையும் டிசம்பர்லேர்ந்து குறைஞ்சிருக்கு. பழி முழுக்கக் கிரானோலா மேல போட முடியாது.) இங்க கூட்டுறவுக் கடையில் தானியத்தைப் பெட்டி பெட்டியாக் கொட்டி வெச்சிருப்பாங்க. நம்ம மளிகைக் கடை மூட்டை மாதிரி, நாமளே அள்ளிக்கலாம். அதில் "மில்லட்" என்று எழுதின பெட்டியைக் கையில் அள்ளிப் பார்த்தப்பதான் தெரிஞ்சது, அது நம்ம பனிவரகு. ரொம்ப நாள் இங்க அது பறவைத் தீவனம். இப்போ இயற்கை உணவு. விலையைப் பார்த்துட்டுக் கொஞ்சமா வாங்கினேன். குக்கர்ல மூணு விசில், மோர் ஊத்தி, சின்ன வெங்காயம் கிடைக்காம பெரிய வெங்காயம் கடிச்சுக்கிட்டுச் சாப்பிட்டேன். 8/10.

போன வாரம் அப்பாகிட்ட பேசினேன். சராசரி எட்டுக்கு இறங்கியிருக்கு. பேட்டில் க்ரீக் கதை, ஒட்டிப்போன ரொட்டிக் கதை, அண்ணன் தம்பி வழக்கு, குன்னூர் எலி எல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டார். அப்புறம் கேட்டார்: "ஏம்ப்பா, அந்தப் பொட்டலம் இன்னும் ஒண்ணு பிரிக்காம இருக்கு. என்ன செய்ய?"

"பக்கத்து வீட்டுப் பசங்களுக்குக் கொடுத்துடுங்கப்பா. மிட்டாய்னு சொல்லிக் கொடுங்க" அப்படின்னேன்.

சிரிச்சார். மார்ச்சுக்கு அப்புறம் அப்பா என்கிட்ட சிரிச்சது அன்னைக்குத்தான்.

பின்குறிப்பு: ஊருக்குப் போகும்போது பெட்டியில் என்ன எடுத்துட்டுப் போறீங்களோ, அதைக் கட்டும் முன்னாடி ஒரு தடவை திருப்பிப் பின்பக்கம் படிச்சுடுங்க. நாம கொண்டு போறதை அங்க யாரும் திருப்பிப் பார்க்க மாட்டாங்க.